ஜோடியைத் தனியே விட்டபோது: ஆரஞ்சு குரோமைடு தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மீன் தொட்டியில் சண்டை வந்தால் பெரும்பாலான வீடுகளில் முதலில் செய்வது, அடிவாங்கும் மீனை வெளியே எடுத்துவிடுவது. உயிர் போகிற நிலையில் அதைத் தவிர வேறு வழியும் கிடையாது. ஆனால் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு போனால் சில இன மீன்களில் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இந்தத் தொட்டி ஒரு சான்று. ஒரு வீட்டில் ஆறு ஆரஞ்சு குரோமைடு மீன்களில் தொடங்கினார்கள். சண்டை வர வர ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒரே ஒரு ஜோடி மட்டும் மிஞ்சிய பிறகுதான் இருப்பதிலேயே மோசமான அடிதடி ஆரம்பித்தது. அது ஏன் வந்தது, என்னென்ன செய்து பார்த்தோம், எது கைகொடுத்தது என்பதை எழுதுகிறேன்.

தொட்டியும் மீன்களும்

வீடு சென்னை அம்பத்தூரில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், அவர் மனைவி, பள்ளிக்குப் போகும் பேத்தி. ஹாலில் 3 அடி நீளம், 1¼ அடி அகலம், 1½ அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. கணக்குப்படி 160 லிட்டர் பிடிக்கும். அடியில் போட்ட கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 130 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தொங்கு ஃபில்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். இடது மூலையில் படுக்க வைத்த ஒரு மண்சட்டி, அதன் பக்கத்திலேயே ஒரு பொம்மைப் பாலம், இரண்டு பிளாஸ்டிக் செடி. வலது பக்கம் முழுக்க வெறும் கூழாங்கல். ஒரு கோடியிலிருந்து பார்த்தால் மறுகோடி தெளிவாகத் தெரியும். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மீன்கள் கொளத்தூரில் வாங்கியவை. ஆறும் அப்போது ஓர் அங்குலக் குஞ்சுகள்.

ஆரஞ்சு குரோமைடு நம் ஊர் மீன்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கழிமுகங்கள், உப்பங்கழிகள், அவற்றை ஒட்டிய நன்னீர் நிலைகள்தான் அதன் இருப்பிடம். மலையாளத்தில் பல்லத்தி என்பார்கள். கேரளத்தின் மாநில மீனான கரிமீனுக்கு நெருங்கிய சொந்தம். உருவத்தில் மட்டும் சிறியது, வளர்ந்த பிறகும் 8 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. சிக்லிட் என்ற மீன் குடும்பத்தில் இந்தியாவைத் தாயகமாகக் கொண்டவை மூன்றே இனங்கள், அதில் இது ஒன்று. ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையைக் காக்கும், குஞ்சையும் காக்கும். குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்று வளரும். இவ்வளவு பொறுப்பான பெற்றோர் என்றால் அந்த அளவுக்கு இடத்தைக் காக்கும் வெறியும் இருக்கும். முட்டையிடும் காலத்தில் இதன் வயிற்றுப் பக்கம் கறுத்துவிடும். கறுத்த வயிற்றோடு ஒரு ஜோடி சட்டியை விட்டு நகராமல் நின்றால், அந்தப் பக்கம் இன்னொரு மீன் போகக்கூடாது என்று அர்த்தம்.

சண்டை வளர்ந்த விதம்

குஞ்சாக இருந்த மாதங்களில் பிரச்சினை எதுவும் இல்லை. ஆறும் கூட்டமாகத் திரிந்தன. ஒன்றரை அங்குலத்தைத் தாண்டியதும் இரண்டு மீன்கள் ஜோடி சேர்ந்து மண்சட்டியைப் பிடித்துக்கொண்டன. மற்ற நான்கும் வலது பக்கம் ஒதுங்கின. அங்கே ஒளிய ஓர் இடமும் கிடையாது என்பதால், ஜோடி தலையைத் திருப்பினாலே அவை கண்ணில் பட்டுவிடும். ஒருநாள் காலையில் ஒரு மீன் செத்துக் கிடந்தது. வால் முழுக்கக் கந்தல்.

அதற்குப் பிறகுதான் அகற்றுவது தொடங்கியது. மிக அதிகமாக அடிவாங்கிய மீனைப் பால்கனியில் இருந்த ஒன்றரை அடித் தொட்டிக்கு மாற்றினார்கள். சில நாள் நிம்மதி. அப்புறம் அதற்கு அடுத்த நிலையில் இருந்த மீன் அடிவாங்கத் தொடங்கியது. அதையும் மாற்றினார்கள். மூன்று மீன்கள் மிஞ்சியபோது நிலைமை மிகக் கொடுமை: நான்கு பேருக்குப் பிரிந்து போயிருந்த அடி முழுக்க ஒரே மீன் மேல் விழுந்தது. அது ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, துடுப்பை மடக்கிக்கொண்டு சாய்வாக நின்றது. சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. அதையும் எடுத்தார்கள்.

இப்போது ஆணும் பெண்ணும் மட்டும். அந்த வாரமே ஆண் பெண்ணைத் துரத்த ஆரம்பித்தது. சட்டிக்குள் முட்டையிட்டன, மறுநாள் முட்டையைக் காணோம். அதன் பிறகு துரத்தல் இன்னும் கூடியது. பெண்ணின் முதுகுத் துடுப்பு கிழிந்து, விலாவில் செதில்கள் உதிர்ந்து வெள்ளையாகத் தெரியத் தொடங்கியபோது வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, கடைக்காரர் ஜோடியா மட்டும் வெச்சுக்கோங்க, சண்டை வராதுன்னார். இப்ப ஜோடியாத்தானே இருக்கு? ஏன் சார் இப்படி அடிக்குதுன்னு அவரைக் கேட்டா, ஆணை மாத்திடுங்கன்றார்.”

“ஆணை மாத்த வேண்டாம் சார். மொதல்ல தண்ணியப் பாத்துருவோம்” என்றேன்.

முதலில் தண்ணீர், பிறகு காயம், பிறகு ஆணா பெண்ணா

சண்டை என்று யார் சொன்னாலும் தண்ணீரைச் சோதிக்காமல் அடுத்த பேச்சுக்குப் போவதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறியிருந்தால் மீன் நிலைகொள்ளாமல் விருட்டென்று பாயும். வீட்டில் அதைத் துரத்தல் என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே இரண்டும் சுழி. காரகாடித்தன்மை (pH) 8-ஐ ஒட்டி இருந்தது. போர்வெல் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 1000-க்குப் பக்கம். டெட்ரா போன்ற நன்னீர் மீன்களுக்கு இது தலைவலி. உப்பங்கழி மீனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வெப்பம் 29 டிகிரி. ஆக, தண்ணீர் மேல் பழி இல்லை.

அடுத்து காயம். துடுப்பு அழுகல் நோயையும் கடிபட்ட துடுப்பையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அழுகலில் ஓரம் முழுக்க வெளுத்து, நூல் நூலாகப் பிரிந்து, உள்நோக்கி அரித்துக்கொண்டு வரும். கடியில் கத்தரித்ததுபோல முக்கோண வெட்டுகள் இருக்கும், மீதித் துடுப்பு நல்ல நிறத்தில் இருக்கும். இந்தப் பெண்ணுக்கு இருந்தது கடிதான். மருந்து ஊற்றித் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

மூன்றாவது சந்தேகம், இது உண்மையிலேயே ஆண் பெண் ஜோடிதானா என்பது. ஆரஞ்சு குரோமைடில் வெளித்தோற்றத்தை வைத்துப் பால் சொல்வது கடினம். சிக்லிட்களில் இரண்டு பெண்கள் ஜோடிபோல நடந்து, இரண்டும் முட்டையிட்டு, முட்டையெல்லாம் பூஞ்சை பிடித்து வீணாகிற கதைகளும் உண்டு. முட்டையிட்ட சூட்டில் அடிவயிற்றில் வெளித்தள்ளியிருக்கும் சிறு குழாயைப் பார்த்தால் ஓரளவு தெரியும்: பெண்ணுக்கு அகன்று மழுங்கியும் ஆணுக்கு மெலிந்து கூராகவும் இருக்கும். இரண்டு மீனுக்கும் அது வேறுவேறாகத்தான் இருந்தது. ஜோடி சரியான ஜோடிதான்.

அப்படியென்றால் சரியான தண்ணீரில், நோயில்லாத, பொருந்திய ஜோடி ஏன் ஒன்றையொன்று கிழித்துக்கொள்கிறது?

நான் பார்த்தது

பேத்தியிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, காலையில் பத்து நிமிடம், மாலையில் சாப்பாடு போட்ட பிறகு பத்து நிமிடம் தொட்டி முன்னால் உட்காரச் சொன்னேன். ஒவ்வொரு துரத்தலுக்கும் ஒரு கோடு, கடி விழுந்தால் ஒரு பெருக்கல் குறி. குழந்தை மிக ஒழுங்காகச் செய்தாள். இந்த எண்ணிக்கை இல்லாமல் எந்த மாற்றம் வேலை செய்தது என்று சொல்லவே முடிந்திருக்காது. கண்ணால் பார்த்துவிட்டு “இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்ல” என்று சொல்வதை நான் நம்புவதில்லை. பார்க்கிறவர் மனநிலையைப் பொறுத்து அது மாறும்.

சண்டையின் வடிவத்தைக் கவனித்ததில் ஒன்று புரிந்தது. இரண்டு குரோமைடுகள் முறைப்படி மோதினால் அதில் படிகள் இருக்கும். முதலில் பக்கவாட்டில் நின்று துடுப்பை விரித்துக் காட்டும். பிறகு வாலால் தண்ணீரை எதிராளி மேல் தள்ளும். அதிலும் அடங்காவிட்டால் வாயோடு வாய் பூட்டித் தள்ளும். தோற்றது துடுப்பை மடக்கிக்கொண்டு ஓடிவிடும், வென்றது எல்லை வரை துரத்திவிட்டுத் திரும்பும். கழிமுகத்தில் எல்லையைத் தாண்டி ஓட இடம் இருக்கிறது. தொட்டியில் ஓடுகிற மீன் கண்ணாடியில் முட்டித் திரும்புகிறது, திரும்பி வந்து மறுபடி அதே எல்லைக்குள்தான் நிற்கிறது. வென்ற மீனின் பார்வையில் எதிராளி இன்னும் போகவில்லை, அதனால் மறுபடி அடி. வீட்டுத் தொட்டியில் நடக்கிற கொலைகளில் பெரும்பாலானவற்றுக்கு மீனின் குணத்தைவிட இந்த ஓட இடமில்லாமைதான் காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இந்த ஆணிடம் அந்தப் படிகளே இல்லை. துடுப்பு விரிப்பதும் இல்லை, வாலடியும் இல்லை. சட்டியைச் சுற்றி வரும், யாரும் இல்லாத வலது மூலை வரை வேகமாகப் போகும், திரும்பும்போது எதிரில் பெண்ணைப் பார்த்தால் நேராக விலாவில் ஒரு குத்து. பெண் எதிர்க்கவும் இல்லை. இடத்தைக் காக்கத் தயாராக நிற்கிற ஒரு மீனுக்கு, காக்க வேண்டிய எதிரியே இல்லாமல் போய்விட்டது. தொட்டியில் தன் இனத்தில் கண்ணில் படுவது அந்தப் பெண் மட்டும்.

இதே மீனில் முன்பே கண்டது

இது என் கண்டுபிடிப்பு இல்லை. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கான்ராட் லோரன்ஸ் சிக்லிட் ஜோடிகளைப் பற்றி எழுதியதில் இது வருகிறது. பல ஜோடிகள் இருக்கும் தொட்டியிலிருந்து மற்றவற்றை எடுத்துவிட்டு ஒரு ஜோடியை மட்டும் விட்டால், ஆண் தன் இணையையே தாக்கத் தொடங்குகிறது. இரண்டு ஜோடிகளை நடுவில் கண்ணாடி வைத்துப் பிரித்து வளர்த்தால் ஒவ்வோர் ஆணும் கண்ணாடிக்கு அப்பாலுள்ளதோடு மல்லுக்கு நிற்கும், தன் இணையோடு ஒழுங்காக இருக்கும். நடுக்கண்ணாடியில் பாசி படர்ந்து பக்கத்து வீடு மறையத் தொடங்கினால் இந்தப் பக்கம் பெண்ணுக்கு அடி விழத் தொடங்கும். கண்ணாடியைத் துடைத்ததும் அமைதி திரும்பும். ஆன் ராசா என்ற ஆய்வாளர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. ஜோடியைத் தனிமைப்படுத்தினால் இனப்பெருக்கம் எப்படிக் கெடுகிறது என்பதுதான் அதன் பொருள். அவர் எடுத்துக்கொண்ட மீன் எட்ரோப்ளஸ் மாக்குலேட்டஸ், அதாவது இந்த ஆரஞ்சு குரோமைடேதான். அன்றைய அறிவியல் பெயர் அது. இன்று சூடெட்ரோப்ளஸ் மாக்குலேட்டஸ் என்கிறார்கள்.

சண்டைக்குணம் உள்ளே தேங்கித் தேங்கி ஒருநாள் வெளியே பாய்கிறது என்பது லோரன்ஸின் விளக்கம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நானும் அதில் சந்தேகம் உள்ளவன்தான். எதிரில் அண்டை வீடு இருக்கும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலைதான் இரண்டையும் ஒரே போக்கில் வைக்கிறது என்று சொன்னாலும் இதே காட்சி பொருந்தும். விளக்கம் எதுவானாலும் தொட்டி வைத்திருப்பவருக்குத் தேவையான செய்தி ஒன்றுதான்: இந்த மீனுக்கு அண்டை வீடு வேண்டும்.

செய்து பார்த்தவை

முதலில் பெண்ணின் உயிரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஓட்டைகள் போட்ட அக்ரிலிக் தட்டு ஒன்றைக் குறுக்கே இறக்கி, பெண்ணை வலது பாதியில் விட்டோம். ஓட்டை வழியாகத் தண்ணீர் ஓடும், மீன் போக முடியாது. காயம் ஆற, லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் கல் உப்பை வாளியில் கரைத்து, சில நாட்களுக்குப் பிரித்துச் சேர்த்தோம். உப்பங்கழி மீனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. செதில் உதிர்ந்த இடம் மூடி, பெண் சரியாகச் சாப்பிடத் தொடங்கும் வரை காத்திருந்தோம்.

அடுத்து எல்லாரும் சொல்கிற வழி: உள்ளே இருக்கும் கல்லையும் சட்டியையும் இடம் மாற்றுவது. தட்டை எடுப்பதற்கு முன் முழுத் தொட்டியையும் கலைத்து அடுக்கினோம். பலன் இருந்தது, ஆனால் நிற்கவில்லை. இடம் புதிதாக இருக்கிற வரை இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் சுற்றிப் பார்த்தன. ஆண் சட்டியை மறுபடி தனதாக்கிக்கொண்டதும் பழைய கதை. கலைத்து அடுக்குவது புது மீனை உள்ளே விடும்போது நல்ல உத்தி. ஏற்கெனவே கெட்டுப்போன ஜோடிக்கு அது ஒரு சின்ன இடைவேளை, அவ்வளவுதான்.

பிறகு மோலி என்ற சிறு மீன்களை விட்டோம். கடின நீரும் உப்பும் மோலிக்குப் பிடித்தமானவை என்பதால் அவற்றைத் தேர்ந்தெடுத்தேன். வேகமாக நீந்தும், மேல்மட்டத்தில் இருக்கும், அடியில் இடம் பிடிக்க வராது. ஆண் மோலிகளைத் துரத்தியது. நோட்டில் பெண்ணுக்கான கோடுகள் கொஞ்சம் குறைந்தன, பெருக்கல் குறிகள் நன்றாகவே குறைந்தன. ஆனாலும் துரத்தல் நின்றுவிடவில்லை. மோலியைத் துரத்தும்போது அந்த ஆணிடம் ஒரு சலிப்பு தெரிந்தது. இரண்டு சாண் போய்த் திரும்பிவிடும். தன் இனத்து உருவமும் நிறமும் கிளப்புகிற அளவுக்கு வேறு இன மீன் அதைக் கிளப்பவில்லை. மோலிகள் உள்ளே இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குரோமைடுகள் குஞ்சு பொரித்தால் மோலிக்கு அது விருந்து.

இதற்கிடையில் பால்கனித் தொட்டியில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. அகற்றப்பட்ட மூன்றில் இரண்டு ஜோடி சேர்ந்திருந்தன. அந்த ஒன்றரை அடித் தொட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்து, பெரிய தொட்டியின் வலது கண்ணாடியோடு ஒட்டி வைக்கலாமா என்று கேட்டேன்.

சாரின் மனைவிக்குத் தயக்கம். “ஒண்ணையே பாக்க முடியல, ரெண்டு ஜோடியும் எதிரும் புதிருமா வெச்சா முட்டி மண்டைய ஒடைச்சுக்காதா தம்பி?”

“ரெண்டு நாள் பாப்போம்மா, தாங்கலேன்னா நடுவுல அட்டை வெச்சிரலாம்.”

முதல் நாள் ஆண் வலது கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. ஆனால் இம்முறை படிகள் எல்லாம் திரும்பி வந்தன: துடுப்பு விரிப்பு, பக்கவாட்டில் நிற்பது, வாலடி. அப்பால் இருந்த ஆணும் அதையே செய்தது. மாலைக்குள் பெண்ணும் வந்து பக்கத்தில் நின்றது. அதற்குப் பிறகு அந்த நோட்டின் பக்கங்கள் வெறிச்சோடின. கோடுகள் அங்கொன்று இங்கொன்று, பெருக்கல் குறியே இல்லை.

இது தற்செயலா என்று தெரிந்துகொள்ள, இரண்டு தொட்டிக்கும் நடுவில் கறுப்புச் சார்ட் பேப்பரைச் செருகினோம். எப்போது நிறுத்த வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டோம்: பெண்ணின் துடுப்பு ஒன்று கிழிந்தாலும் பேப்பர் வெளியே. மறுநாளே கோடுகள் பழையபடி நெருங்கின. பேப்பரை உருவியதும் மறுபடி குறைந்தன. ஒரு வீட்டு ஹாலில் இதற்கு மேல் தெளிவான சோதனை எதிர்பார்க்க முடியாது. அன்றிலிருந்து எனக்கு இந்தத் தொட்டியின் விஷயத்தில் சந்தேகம் எதுவும் இல்லை.

ஆனால் இதையே நிரந்தர ஏற்பாடாக விடக்கூடாது. நாள் முழுக்கக் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழும் நீந்திக்கொண்டே இருந்தால் மீன் மெலியும்; சாப்பாடு போட்டாலும் எல்லையை விட்டு வராது. இங்கே சிறிய தொட்டியின் ஆணிடம் அந்த அறிகுறி தெரிந்தது. கண்ணாடியின் பாதியைக் கல் அடுக்கி மறைத்து, மீதிப் பாதியில் மட்டும் பார்வை இருக்கும்படி விட்டோம். விலகிப் போகவும் இடம், எதிரியைப் பார்க்கவும் ஒரு ஜன்னல். அது போதுமானதாக இருந்தது.

நான்கு அடித் தொட்டி

நிரந்தரமாக என்ன செய்வது என்று பேசியபோது சார் பெரிய தொட்டிக்குத் தயாராகவே இருந்தார். 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம். உயரத்தைவிட அகலம் முக்கியம் என்று நான் வற்புறுத்தினேன். இந்த மீன்கள் பிடிப்பது தரையை; உயரமான தொட்டியில் லிட்டர் கணக்கு கூடும், தரை கூடாது. விற்கிறவர்கள் லிட்டரில் பேசுவார்கள், வாங்குகிறவர்கள் தரையின் நீள அகலத்தைக் கேட்க வேண்டும்.

உள்ளே வைத்த விதத்தில்தான் பாதி வேலை. பழைய தொட்டியில் ஒளியும் இடம் எல்லாம் ஒரே மூலையில் இருந்தது. அதைப் பிடித்த ஜோடிக்கு முழுத் தொட்டியும் சொந்தமாகிவிட்டது. இங்கே இடது கோடியில் ஒரு மண்சட்டியும் கல் குவியலும், வலது கோடியில் அதேபோல் ஒன்று, நடுவில் குறுக்காக ஒரு கல் சுவர். சுவர் தண்ணீரின் பாதி உயரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். தரையோடு நிற்கும் ஒரு மீனுக்கு மறுபக்கத் தரை தெரியக்கூடாது என்பதுதான் குறி. சுவரின் பின்பக்கம் கண்ணாடியை ஒட்டி ஒரு சந்து விட்டோம். துரத்தப்படும் மீன் ஒரு வழியில் நுழைந்து மறுவழியில் வெளியேற முடிய வேண்டும். ஒரே வாசல் உள்ள குகை தப்பிக்க உதவாது, பொறியாகிவிடும்; அடிபட்ட மீன் உள்ளேயே மாட்டிச் சாகும். மேல்மட்டம் வரை நீளும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி. அந்த அளவு உப்பை அது தாங்கிக்கொண்டது.

பழைய மீன்கள் ஐந்து. அவற்றோடு ஏறக்குறைய அதே அளவில் இன்னும் ஐந்து வாங்கினோம். புதியவற்றைப் பால்கனியில் சில வாரம் தனியே வைத்து நோய் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் சேர்த்தோம். பத்தையும் ஒரே நேரத்தில், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உள்ளே விட்டோம். சண்டையில் முதலில் வந்து இடம் பிடித்தவனுக்குத்தான் சாதகம். அளவில் சிறியதாக இருந்தாலும் சொந்த இடத்தில் நிற்கும் மீன் பெரும்பாலும் ஜெயிக்கும். பழைய ஜோடியை முதலில் விட்டுவிட்டு மற்றவற்றைப் பின்னால் சேர்த்திருந்தால் நான்கு அடியும் அதன் வீடாகியிருக்கும். பத்தும் விடிந்தபோது அறியாத இடத்தில் சமமாகக் கண்விழித்தன.

இரண்டு மீனை வைத்துக்கொள்ள முடியாத ஒருவர் பத்து மீனை வைத்தால் சண்டை ஐந்து மடங்காகாதா என்பது நியாயமான கேள்வி. மொத்த எண்ணிக்கையில் கோடுகள் கூடத்தான் செய்தன, அதை மறைக்கவில்லை. ஆனால் அது பத்து மீன்களுக்குப் பிரிந்தது. ஒரு மீனைத் துரத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று எல்லைக்குள் வரும், முதல் மீன் தப்பிவிடும். எந்த ஒரு மீனும் தொடர்ச்சியாக அடிவாங்கும் நிலை வரவில்லை. ஆபத்து மொத்தச் சண்டையின் அளவில் இல்லை, அது யார் மேல் குவிகிறது என்பதில்தான் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களை வளர்ப்பவர்கள் தொட்டியை நெருக்கமாக நிரப்புவதற்கும் இதுவே காரணம்.

மீன் கூடினால் கழிவும் கூடும். ஃபில்டர் திறனை இரண்டு மடங்காக்கினோம். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவதும் பழக்கமானது. இதைச் செய்ய முடியாதவர் எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. சண்டையில் சாகாத மீன் அம்மோனியாவில் செத்துப்போகும். சாப்பாட்டையும் ஒரே மூலையில் கொட்டாமல் இரண்டு கோடியிலும் ஒரே நேரத்தில் போடச் சொன்னேன். குறைவாக, இருவேளை.

பிறகு நடந்தது

பழைய ஜோடி இடது கோடியைப் பிடித்தது. வலது கோடிக்கு ஓர் இழுபறி. பால்கனி ஜோடி அதைப் பிடித்தது. மற்றவை நடுவிலும் மேலேயும் கூட்டமாகத் திரிந்தன. கல் சுவர்தான் எல்லை. இரண்டு ஆண்களும் அதன் உச்சியில் சந்தித்து, விரித்துக் காட்டி, வாலடித்து, திரும்பிப் போகும். ஒன்றையொன்று அறிந்த அண்டை வீட்டார் நாளாக ஆக மோதலைக் குறைத்துக்கொள்வது பல விலங்குகளில் கண்ட விஷயம். இங்கேயும் முதல் வாரத்தில் இருந்த விறைப்பு பிறகு இல்லை.

எல்லாமே சுமுகம் என்று சொல்ல மாட்டேன். புதிதாக வாங்கிய ஐந்தில் மிகச் சிறியதாக இருந்த ஒன்று நடுக்கூட்டத்திலும் சேர முடியாமல் துடுப்பு கந்தலாகி, பால்கனித் தொட்டிக்குப் போக வேண்டியதாயிற்று. அதன் துடுப்பு வளர்ந்துவிட்டது. ஆனால் அதைத் திரும்ப விடும் எண்ணம் இல்லை. ஒருமுறை வெளியே போன மீன் திரும்பி வந்தால் அது அந்நியன், முன்பைவிட அதிகமாக அடிவாங்கும்.

இடது ஜோடி மறுபடி சட்டிக்குள் முட்டையிட்டது. இம்முறை முட்டைகள் நின்றன. ஆணும் பெண்ணும் மாறி மாறி விசிறின. நான்கைந்து நாளில் முட்டைகள் பொரிந்ததும், பெற்றோர் குஞ்சுகளைக் கூழாங்கல்லில் தோண்டிய குழிக்கு மாற்றி, குழியிலிருந்து குழிக்கு இடம் மாற்றிக்கொண்டே இருந்தன. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஆபத்து என்று பட்டால் பெற்றோர் வயிற்றுத் துடுப்பைப் படபடவென்று அடிக்கும், குஞ்சுகள் ஒன்றுகூடி ஒட்டிக்கொள்ளும். எல்லைக்கு ஆண் போனால் குஞ்சிடம் பெண் நிற்கும். பெண் துரத்தப் போனால் ஆண் நிற்கும். ஒரு காலத்தில் விலா கிழிய அடித்த ஆண் இதே மீன்தான். கடைக்காரர் சொன்னபடி அதை மாற்றியிருந்தால் அடுத்த ஆணும் அதே வெறும் தொட்டியில் அதையேதான் செய்திருக்கும்.

வலது ஜோடியின் முட்டைகள் தங்கவில்லை. நடுக்கூட்டம் அந்தப் பக்கம்தான் அதிகம் ஒதுங்குகிறது என்பது காரணமாக இருக்கலாம்.

எந்த மீனுக்குப் பொருந்தாது

இந்த நிகழ்வைப் படித்துவிட்டு எல்லாச் சண்டைக்கும் கூட்டத்தைப் பெருக்குவதே தீர்வு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபைட்டர் ஆண்களை ஒன்றாக விட்டால் எத்தனை கல் வைத்தாலும் சாவுதான். அவற்றைக் கண்ணாடி வழியாக நாள் முழுக்க ஒன்றையொன்று பார்க்க விடுவதும் வதை. பெரிய ஃப்ளவர்ஹார்ன் வீட்டு அளவுத் தொட்டியில் தனியாகத்தான் இருக்க வேண்டும். டைகர் பார்ப் வேறு வகை. அவை இரண்டு மூன்றாக இருந்தால் ஏஞ்சலின் நீளத் துடுப்பைக் கொத்தும். எட்டுப் பத்தாக இருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும், ஆனாலும் அவற்றோடு ஏஞ்சலை வைக்காமல் இருப்பதுதான் நல்லது. கூட்டமாக வாழ்ந்து, ஜோடியாகப் பிரிந்து, அருகருகே இடம் பிடித்துக் குஞ்சு காக்கும் மீன்களுக்குத்தான் இங்கே சொன்னது பொருந்தும்.

அகற்றுவதே கூடாது என்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்கி மேல் மூலையில் சாய்ந்து நிற்கும் மீனை உடனே எடுக்கத்தான் வேண்டும். எடுத்த கையோடு, அடுத்து அந்த அடி யார் மேல் விழப்போகிறது என்று பார்த்து, மறைவையும் எண்ணிக்கையையும் அன்றைக்கே சரிசெய்ய வேண்டும்.

இப்போது இடது ஜோடியின் குஞ்சுகள் அரை அங்குலத்தைத் தாண்டிவிட்டன. பெற்றோர் அடுத்த முட்டைக்குத் தயாராகும் முன் அவற்றைப் பிரித்தாக வேண்டும். பழைய மூன்றடித் தொட்டியை அதற்காகக் கழுவிக் காய வைத்திருக்கிறார் சார். அதில் இரண்டு கோடியிலும் சட்டி, நடுவில் கல் சுவர் என்று இப்போதே அடுக்கிவிடுவதாகத் திட்டம். குஞ்சுகள் ஜோடி சேரும் வயது வரும் வரை காத்திருக்கப் போவதில்லை.